ஊஞ்சல் பலகைக்கு நாமே மெருகு போடலாம்!

மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது என்றாலே ஆள் வரவேண்டும், வீடு நாலு நாள் நாறும், கணிசமாகப் பணம் கையை விட்டுப் போகும் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். கதவு ஜன்னல் எல்லாம் போடுவதற்கு ஆள் வேண்டியதுதான். ஆனால் ஓர் ஊஞ்சல் பலகை, மனை, சின்ன அலமாரி, அம்மா கொடுத்த தேக்குப் பெட்டி, இவற்றை இரண்டு சனி ஞாயிறுகளில் நாமே பளபளவென்று ஆக்கிவிடலாம். கோலம் போடும் கைக்கு இதெல்லாம் ஒரு பெரிய வேலையா, சொல்லுங்கள்!

பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர்தான் பிரெஞ்சு. சரக்கு நம் நாட்டுடையது. புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்குதான் அது. ஜார்க்கண்ட் பக்கம் ஏராளமாக விளைகிறது. இதை ஆராய்வதற்கென்றே 1924-ல் ராஞ்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அந்தக் காலத்து கிராமபோன் தட்டுகள் இந்த அரக்கில் செய்தவைதாம். நாம் விழுங்கும் சில மாத்திரைகளின் மேல்பூச்சும் இதுவே! அதனால் நன்றாகக் காய்ந்த அரக்குப் பாலிஷின் மேல் குழந்தை வாய் வைத்தாலும் பயப்பட வேண்டியதில்லை. கலக்கும் ஸ்பிரிட்தான் விஷம். அது ஆவியாகிப் போகும்வரை நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஊஞ்சலை நான் எடுத்துச் செய்ததற்குக் காரணமே குழந்தைதான். பல் முளைக்கிற வயசு. பலகை ஓரத்தைக் கடிக்காத நாள் கிடையாது. என் கொழுந்தனார் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி, அதுதான் குட்டி யானை என்பார்களே, வைத்திருக்கிறார். வண்டிக்கு ஆயில் மாற்றியபோது வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, "அண்ணி, இதை ரெண்டு கை பூசிடுங்க. செல்லு கிட்டவே வராது" என்றார். எங்கள் பக்கத்தில் உத்தரம், வாரை, மாட்டுத் தொழுவத்துக் கம்பு எல்லாவற்றுக்கும் இதைத்தான் பூசுகிறார்கள்.

"வேண்டாம் தம்பி, அதை வெளியிலேயே வையுங்க" என்று சொல்லிவிட்டேன். எஞ்சினுக்குள் ஓடித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் துகளும், புற்றுநோயைத் தூண்டக்கூடிய கரிப் பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. மரத்தில் பூசினால் அது காய்வதும் இல்லை. உட்காருகிறவர் துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். வண்டியின் பின்பக்கப் பலகைக்குக்கூடப் பூச வேண்டாம் என்பேன். அதில்தானே மறுநாள் கத்தரிக்காயும் கீரையும் ஏறுகிறது! பழைய எண்ணெய் அபாயகரமான கழிவுகளின் கணக்கில் வருகிறது. சாக்கடையில் கொட்டாமல், ஆயில் மாற்றும் ஒர்க்‌ஷாப்பிலேயே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. தேக்கைப் பொறுத்தமட்டில் வைரம் பாய்ந்த பகுதியைச் செல் லேசில் தொடாது; வெளிறுதான் அரிக்கும். ஈரம் அண்டாமல் வைத்துக்கொண்டாலே பாதி கவலை விட்டது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பழைய பூச்சு என்ன என்று பாருங்கள். பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து எடுத்தால், பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்கு. ஒட்டாவிட்டால் வார்னிஷோ வேறு ஏதோ. அதை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும்.

உப்புத்தாளில் 80, பிறகு 120, கடைசியில் 220 என்று நம்பர் ஏற ஏற நைசாகும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல், பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். மரத்தூள் மூச்சுக்கு ஆகாது. வீசிங் உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது உத்தமம். மற்றவர்களும் முகமூடி கட்டிக்கொண்டு, வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். ஆணித் துளைக்கும் வெடிப்புக்கும், சாக் பவுடரில் கொஞ்சம் காவிப்பொடி சேர்த்து ஸ்பிரிட்டில் குழைத்து மக்கு வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்துவிட வேண்டும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 140 கிராம் அரக்குச் செதில். கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, அவ்வப்போது குலுக்கினால் ஓர் இரவில் கரைந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இந்த ஸ்பிரிட்டையும் பாலிஷையும் சிலர் குடித்துவிடுகிறார்கள் என்பதால், தமிழ்நாட்டில் இவற்றுக்கென்றே 1959-ல் தனி விதிகள் வந்தன. உரிமம் உள்ள கடையில், தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது!

கம்பளித் துண்டை உருட்டி, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றி, எலுமிச்சை அளவில் பொட்டலம் கட்டுங்கள். பாலிஷைத் தொட்டு, பிழிந்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் பொட்டலம் ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்த்துவிடும். கை இழுத்தால் பொட்டலத்தின் அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது. ஆறு பூச்சுக்கு மேல்தான் முகம் தெரிய ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதைத் தொடாதீர்கள். காற்றின் ஈரம் பட்டு, பூச்சு பால்போல் வெளுத்துப் போகும். தை, மாசிதான் தோது.

அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். இதைவிட முக்கியமான ஒன்று, பலருக்கும் தெரியாதது: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே அது தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து சூடு பிறக்கிறது. கசக்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. வேலை முடிந்ததும் துணியை வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

பெயின்ட் அடித்த பழைய கதவைச் சுரண்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு இருந்ததோ! ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. உரியாத பெயின்ட் என்றால் சுரண்டாமல் மேலேயே அடித்துவிடுங்கள். சுரண்டியே தீரவேண்டுமானால் தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பால் வாட்டி உரிக்க விடாதீர்கள். வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சாப்பாட்டு மேஜைக்கு அரக்கு சரிப்படாது. சூடான பாத்திரம் வைத்தால் இளகும், தண்ணீர் தேங்கினால் வெள்ளை வளையம் விழும். அதற்கு பி.யு. பூச்சுதான் லாயக்கு. ஊஞ்சலில் அப்படி வளையம் விழுந்தால், ஸ்பிரிட் தொட்டும் தொடாததுமான துணியால் லேசாக ஒற்றி எடுங்கள், மறைந்துவிடும். சோப்புத் தண்ணீரும் சோடாவும் அரக்கைக் கரைக்கும். தினசரி உலர்ந்த மல் துணியே போதும். பலகையை மாட்டுவதற்கு முன் சங்கிலிக் கொக்கிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு மாட்டுங்கள். கிரீச் சத்தமும் நிற்கும்.