மிஷன் என்கிற சொல்லும் ஒரு குட்டிச்சுவரும்

எங்கள் ஊரில் மிஷன் என்றால் ஓர் இடம். மிஷன் காம்பவுண்டு, மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி. யாரையாவது தேடிப் போனால் ‘மிஷன்ல இருப்பாரு’ என்பார்கள். மதில், கேட், வேப்பமரம் எல்லாம் சேர்ந்ததுதான் மிஷன். சபைக் காகிதங்களில் இதற்கு அருட்பணி என்று பெயர், பிரசங்கத்தில் ஊழியம். இந்த மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அங்கே முதலில் உடைந்தது மதில்தான். 1952இல் ஜெர்மனியின் வில்லிங்கனில் நடந்த மிஷனரி மாநாட்டை ஒட்டி வளர்ந்த சிந்தனையைப் பாடமாகப் படித்தோம். மிஷன் சபையின் சொத்தல்ல, கடவுளுடையது. அவர் உலகத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதில் சபை போய்ச் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவே. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் வெளிச்சம் நம்மிடம், இருட்டு அவர்களிடம் என்ற காலனிய மிஷனின் அடிப்படைக் கணக்கே தப்பாகிவிடுகிறது.

சரி, அந்தக் கடவுள் யார் பக்கம் நிற்கிறார்? இதற்கான பதில் ஜெர்மனியிலிருந்து வரவில்லை. 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் சூத்திர இறையியல் பற்றி ஆற்றிய உரையிலிருந்து கிளைத்த தலித் இறையியலிலிருந்து வந்தது. அரசரடியில் ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005) அதைப் பாட்டாகவும் பறையாகவும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அவர் பிடித்துக்கொண்ட சொல் ‘ஒரு ஒல’. ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள்தான் குடும்பம். அப்படியானால் திருவிருந்து என்பது என்ன? ஒரே உலைதானே! சடங்கைச் சமையலறைக்கு இழுத்துவிட்ட காரியம் இது. சாதி உயிர் வைத்திருப்பதும் அந்தச் சமையலறையில்தான்.

வரலாற்றைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியைக் கைவிடச் சொன்னபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. தகராறு வேதவசனத்தைப் பற்றியல்ல. யாரோடு உட்காருவது, யாருக்குப் பிறகு பாத்திரத்தில் வாய் வைப்பது என்பதைப் பற்றி. பிறகு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போனது. தஞ்சாவூர்ப் பக்கம் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அசரியா போன்றவர்கள் முன்நின்று, வெள்ளைக்காரர் பணமில்லாமல், தெலுங்கு நாட்டுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். பெருமைப்பட வேண்டிய காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனுப்புவதற்கு நம் சபைகளில் வேறொரு உபயோகமும் வந்து சேர்ந்துவிட்டது: மிஷன் எப்போதும் தூரத்தில் இருக்கிறது.

என் முதல் சேகரத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். கமிட்டியில் வடநாட்டு மிஷனரி ஒருவரைத் தாங்கும் தீர்மானம் பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. அடுத்தது கல்லறைத் தோட்டம். அதன் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். ஐப்பசி மழையில் பாதி இடிந்து கிடந்தது. கட்ட வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

‘ஐயா, நம்ம சபையில சாதியே இல்லீங்க. சுவரு ஆடு மாடு வராம இருக்கறதுக்கு’ என்றார் ஒரு மூப்பர். ஆடு மாட்டுக்கு வெளிமதில் இருந்தது. சபையில் சாதி இல்லை என்ற இதே கற்பனையை வைத்துத்தான் 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்ட திருத்தங்கள் இவர்களைச் சேர்க்கவில்லை. அரசும் மூப்பரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். ஒருவர் சலுகையை மறுக்க, மற்றவர் சுவரை மறைக்க.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கோயிலைக் கூட்டுகிற அம்மா கேட்டார்கள்: ‘வடக்க போயி சொல்றத இந்தச் செவத்துக்கிட்ட சொல்லப்படாதாய்யா?’

கல்லூரியில் இதே கேள்வியை நான் இருபது பக்கத்துக்கு எழுதி மார்க் வாங்கியிருந்தேன். அன்று அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. மார்கழிக்குள் சுவர் எழும்பிவிட்டது. செங்கல், சிமெண்டு பில்லில் சேகரத் தலைவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.