பந்து சோறு போடுமா? கிளப் விட்டு கிளப் ஓடிய தஞ்சாவூர்க்காரர் கதை!

ராஜபாளையம்:

"ஏலே, பந்து சோறு போடுமாடா?"

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பொழுது சாய்ந்து புழுதியோடு வீட்டுக்கு வரும் பையன்களிடம் அம்மாமார் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். மில்லுக்குப் போனால் மாதம் பிறந்ததும் சம்பளம். கடை போட்டால் கல்லாவில் நாலு காசு. பந்தை உதைத்தால் என்ன கிடைக்கும்? முட்டி வலிதான் கிடைக்கும் என்பது வீட்டுக் கணக்கு.

அந்தக் கணக்கு சரிதானா? ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நம்ம ஊர் பாஸ்கெட்பாலுக்குப் பேர் போன ஊர். எனவே கால்பந்துக்கு உதாரணம் தேடி தஞ்சாவூருக்குப் போவோம்.

தஞ்சையிலிருந்து ஜகார்த்தா வரை

காலியா குலோத்துங்கன். தஞ்சாவூர்க்காரர். ராஜா பேர் கொண்டவர், ஆடியது நடுக்களத்தில். நடுக்கள ஆட்டக்காரன் என்றால் என்ன வேலை? எதிரியிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும். முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும். மறுபடி ஓடிவந்து காவல் நிற்க வேண்டும். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். பந்து கொடுத்தவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடப்பான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வருகிறது. கூட்டம் முழுக்க ஆண்டாளைப் பார்க்கும். வடம் பிடிப்பவர்களையும் பார்க்கும். ஆனால் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே வருகிறாரே, அவரை யார் பார்க்கிறார்கள்? அவர் இல்லாவிட்டால் தேர் முக்கு திரும்புமா? குலோத்துங்கன் அந்த முட்டுக்கட்டைக்காரர்!

2003 ஜூலை மாதம். இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசியான் கிளப் கோப்பைப் போட்டி. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி அங்கே போயிற்று. ஜூலை 26-ம் தேதி இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானா அணியை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையோடு ஊர் திரும்பியது. மைக் ஒகோரோ, பைச்சுங் பூட்டியா, ஆல்விட்டோ டிகுன்யா ஆளுக்கு ஒரு கோல். இந்தியக் கிளப் ஒன்று வெளிநாட்டுக்குப் போய் இப்படி ஜெயித்து வந்தது பெரிய சங்கதி.

அந்தக் கோப்பை அணியில் நம்ம தஞ்சாவூர்க்காரரும் ஒருவர். பூட்டியா பேர் நாடு முழுக்கத் தெரியும். குலோத்துங்கன் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் ஆடிய கிளப்புகள் எங்கே?

ஈஸ்ட் பெங்காலோடு அவர் ஓட்டம் நிற்கவில்லை. மோகன் பகான், மகேந்திரா யுனைடெட், மும்பை எப்.சி., விவா கேரளா என்று கல்கத்தா, பம்பாய், மலையாள தேசம் எல்லாம் சுற்றினார். எதற்கு இத்தனை கிளப் மாற்றம் என்று கேட்கலாம். பேராசையா? அதெல்லாம் இல்லை சார். இந்தத் தொழிலே அப்படி! ஒரு சீசனுக்கு ஒப்பந்தம் போடுவார்கள். சீசன் முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த வருஷம் யார் கூப்பிடுகிறார்களோ அங்கே.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. கிளப்பே காணாமல் போய்விடும்!

2005-06-ல் தேசிய லீக்கை ஜெயித்த அணி மகேந்திரா யுனைடெட். 2010-ல் அதை இழுத்து மூடினார்கள். விவா கேரளாவை வேறு ஆள் வாங்கிப் பேரை மாற்றினார். கொஞ்ச நாளில் அதுவும் மறைந்தது. மும்பை எப்.சி. 2017-ல் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியது, அதோடு சரி. இங்கே சொன்னவற்றில் கல்கத்தாவின் பழைய இரண்டு கிளப்புகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன.

மில் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை ஜெயித்தது பஞ்சாபின் ஜே.சி.டி. அணி. அது ஒரு பஞ்சாலை டீம்! போதிய விளம்பரம் கிடைக்கவில்லை என்று சொல்லி 2011-ல் அதையும் கலைத்துவிட்டார்கள். மில் மூடினால் தொழிலாளி கதி என்ன என்று ராஜபாளையத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் முப்பது வயது ஆட்டக்காரனுக்கு எந்த யூனியன் கொடி பிடிக்கும்?

குலோத்துங்கனின் முடிவு வருத்தமானது. 2018 பிப்ரவரியில் தஞ்சாவூரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிரிழந்தார். வயது 40. ஜகார்த்தா வரை ஓடிய கால்கள் சொந்த ஊர் ரோட்டில் ஓய்ந்தன.

முட்டி போனால் சீசன் போச்சு

இன்னொருவர் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்காரர், மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், 2020-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்த ஏ.டி.கே. அணியில் இடம் பிடித்தவர். மேலே ஏறிய ஆள்தான். அதே வருஷம் நவம்பர் 20-ம் தேதி, கோவாவில் புது சீசனின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முட்டியில் அடி! அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார்.

அவர் விட்டுவந்த சென்னை சிட்டி என்ன ஆயிற்று? கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய அணி அது. 2019 மார்ச் 9-ம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைத் தட்டியது. கோவையே கொண்டாடியது. இரண்டே வருஷம். 2021-ல் அதே அணி ஐ-லீக்கிலிருந்து இறக்கப்பட்டது.

பெரிய லீக்கில் இருந்தால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். 2025-ல் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக் நடத்தும் கம்பெனிக்கும் ஒப்பந்தத் தகராறு. ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி ஆட்டக்காரர்கள் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எப்.சி.யும் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. மாடியில் இருப்பவனுக்கே இந்த நிலைமை என்றால், கீழ் டிவிஷனில் பஸ் காசு வாங்கி ஆடுகிறவன் பாடு?

அப்புறம் எதற்கு ஆடுவது?

சென்னையில் ரயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் வங்கி என்று இலாகா அணிகள் எப்படி நடந்தன என்று யோசியுங்கள். காலையில் பிராக்டிஸ், பகலில் ஆபீஸ், சாயங்காலம் மேட்ச். ஆடுகிற காலத்தில் சம்பளம்; கால் ஓய்ந்த பிறகும் அதே நாற்காலியில் வேலை; கடைசியில் பென்ஷன். கோப்பை கிடைக்காதவனுக்கும் அடுப்பு எரிந்தது. அந்தக் காலத்து ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது பந்து வாங்கித் தந்த அந்த வேலை. அந்த வேலைகள் குறையக் குறைய, நடுத்தர ஆட்டக்காரன் நடுத்தெருவுக்கு வருகிறான்.

வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் 'நல்லா ஆடுவான்' என்று ஊரே சொன்னாலும் செல்லாது. எந்தப் போட்டி, எந்த மட்டம், என்ன இடம் என்று சொல்லும் சர்ட்டிபிகேட் வேண்டும். ஆடி முடித்த அன்றே கேட்டு வாங்கி பீரோவில் வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துப் போனால் அந்தச் சங்கத்தில் யார் இருப்பார்களோ!

கிளப்பில் சேருகிறவன் ஒப்பந்த நகல் ஒன்றைக் கையில் வாங்க வேண்டும். சம்பளம் வராவிட்டால் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர்கள் நிலைக் குழுவிடம் முறையிடலாம். 2006-ல் தொடங்கிய வீரர்கள் சங்கமும் இருக்கிறது. ஆனால் காகிதம் இல்லாதவன் வழக்கு எங்கே நிற்கும்? படிப்பையும் விடக் கூடாது. பத்தாவது, பிளஸ் டூ பாஸ் பண்ணாதவனுக்கு எந்த ஒதுக்கீடு வந்து என்ன பிரயோஜனம்?

நம்ம ஆட்களுக்குக் காலில் வலு இல்லாமல் இல்லை. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் போட்டவர் தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை!

ஆகவே அம்மாமார்களே, பையன் பந்தோடு வெளியே போனால் தடுக்காதீர்கள். ராத்திரி திரும்பி வந்ததும் முதலில் ஒரு தட்டுச் சோறு போடுங்கள். அப்புறம் கேளுங்கள்:

"சர்ட்டிபிகேட்டை எங்கடா வச்சே?"