தோற்றவர்க்கும் அடுத்த ஆட்டம்

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் பந்தாட்டப் போட்டி நடத்துவேன். முதல் நாளே தோற்ற வகுப்பினர், எஞ்சிய நாளெல்லாம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆடிப் பழக வேண்டியவர்கள் அவர்களே அல்லவா?

இங்கிலாந்தில் இக்குறை வேறு வகையில் தோன்றியது. 1885-இல் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் அளிக்க அங்கே இசைவு கிடைத்தது. ஊதியத்திற்குரிய பணமோ நுழைவுக் கட்டணத்தால் வர வேண்டும். கோப்பைப் போட்டியில் ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். நட்புமுறை ஆட்டங்களோ குறித்தபடி நடப்பதில்லை.

ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்ரெகர் 1888-இல் இதற்கு ஒரு வழி கண்டார். பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடின. ஒவ்வொன்றும் மற்றப் பதினொன்றுடனும் தன் திடலில் ஒருமுறை, அவர்கள் திடலில் ஒருமுறை ஆட வேண்டும். ஆக 22 ஆட்டங்கள். இதுவே லீக் முறை. வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 என்ற கணக்கு, ஆட்டங்கள் தொடங்கிய பின்னரே முடிவாயிற்று.

அந்த 1888-89 பருவத்தில் பிரஸ்டன் நார்த் எண்ட் கழகம் 18 ஆட்டங்களில் வென்று, 4-இல் சமநிலை கண்டு, ஒன்றிலும் தோற்காமல் 40 புள்ளி பெற்றது. வில்லா 29 புள்ளியுடன் இரண்டாமிடம் அடைந்தது.

பிரஸ்டனின் புகழை யாவரும் பேசுவர். என் மனம் நாடுவது கடைசியில் நின்ற ஸ்டோக் கழகத்தை. பதினான்கு முறை தோற்றும் அது தன் 22 ஆட்டங்களையும் ஆடி முடித்தது. மறு ஆண்டும் களம் இறங்கியது. வென்றவனுக்குப் பரிசும் தோற்றவனுக்கு அடுத்த வாரமும் தருவதே லீக் முறையின் சிறப்பாகும்.