மின்தடை நேரத்தில் ஆக்சிஜன் கருவி: சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றையும் இணைத்து வைப்பது எப்படி?

சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஓர் இரவு பதினொன்றரை மணியளவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மனைவியும் மகனும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக அவர் வீட்டிலேயே கருவி மூலம் ஆக்சிஜன் பெற்று வருபவர். வந்தபோது அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 76 விழுக்காடாக இறங்கியிருந்தது. உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி முடிக்க அவரால் இயலவில்லை.

உரிய சிகிச்சைக்குப் பின் நான்காம் நாள் அவர் நலமுடன் வீடு திரும்பினார். ஆனால், அன்றிரவு நடந்ததை மகன் விவரித்தபோது நாங்கள் வியப்படைந்தோம். அவ்வீட்டு மாடியில் சூரிய மின்தகடுகள் இருந்தன. இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன. கார் ஷெட்டில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் மின்தடை ஏற்பட்ட இருபதாவது நிமிடத்தில் ஆக்சிஜன் கருவி நின்றுவிட்டது. ஜெனரேட்டர் ஓடியது, அதன் மின்சாரத்தை இன்வெர்ட்டர் ஏற்கவில்லை.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், பைபாப், சளி உறிஞ்சும் கருவி ஆகியவற்றை வீட்டில் பயன்படுத்தும் குடும்பங்கள் இன்று பெருகியுள்ளன. மாடியில் சோலார் அமைக்கும் வீடுகளும் பெருகியுள்ளன. ஆகவே, அவ்வீட்டில் எது தவறியது என்பதை மற்றக் குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதி, நோயாளியின் குடும்பத்தார் ஒப்புதலுடன் இதனை எழுதுகிறோம்.

மாடியில் சோலார் இருந்தால் மின்தடையிலும் மின்சாரம் வருமா?

பெரும்பாலான வீடுகளில் வராது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் கீழும் அதற்கு முன்பும் அமைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்குபவை, பேட்டரி இல்லாதவை. மின்வாரிய மின்சாரம் நின்றால் இவையும் தாமாக நின்றுவிடும். இது பழுதன்று; பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர்மீது நம் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கவே இவ்வாறு அமைத்துள்ளனர். எனவே, சித்திரை மாத நண்பகலிலும் மின்தடை நேரத்தில் இத்தகைய சோலார் ஆக்சிஜன் கருவிக்கு உதவாது. பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால் மட்டுமே உதவும்.

சேமிப்பா, இருப்பா?

ஆசிரியர் வீட்டில் ஹைபிரிட் அமைப்புதான் இருந்தது. அங்கு நேர்ந்த முதல் தவறு கன்ட்ரோலரில் செய்யப்பட்டிருந்த ஓர் அமைவு. சூரிய மின்சாரம், பேட்டரி, மின்வாரிய மின்சாரம் ஆகிய மூன்றில் எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது என்று தீர்மானிப்பது இந்தக் கட்டுப்பாட்டுக் கருவியே. மின்கட்டணத்தைக் குறைக்கும் நோக்கில் “முதலில் சூரிய ஒளி, அடுத்து பேட்டரி, கடைசியில் மின்வாரியம்” என்று அதனை அமைத்திருந்தார்கள். சாதாரண வீட்டுக்கு இது நல்ல அமைவே. ஆனால், சூரியன் மறைந்தது முதல் மின்விசிறி, தொலைக்காட்சி, ஆக்சிஜன் கருவி அனைத்தும் பேட்டரியில் ஓடின. இரவு மின்தடை வந்தபோது பேட்டரி ஏறத்தாழ காலியாகியிருந்தது.

உயிர்காக்கும் கருவி உள்ள வீட்டில் இந்த வரிசை மாற வேண்டும்: முதலில் சூரிய ஒளி, அடுத்து மின்வாரியம், கடைசியாகவே பேட்டரி. இவ்வாறு அமைத்தால் மின்கட்டணம் சற்றுக் கூடும். பேட்டரியோ எந்நேரமும் நிறைந்திருக்கும். உங்கள் வீட்டில் சோலார் அமைத்தவரை அழைத்து, “இந்த வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார், பேட்டரி மின்தடைக்கு மட்டுமே பயன்பட வேண்டும்” என்று சொன்னால் போதும். சில நிமிடங்களில் மாற்றித் தருவார்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

நிமிடத்துக்கு 5 லிட்டர் திறனுள்ள ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் எடுக்கிறது. வீடுகளில் பரவலாக உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1800 வாட்-மணி மின்சாரம் இருக்கும். அதில் பாதிக்குமேல் அடிக்கடி எடுத்தால் பேட்டரி விரைவில் கெடும். மீதிப் பாதியிலும் இன்வெர்ட்டரில் ஒரு பகுதி வீணாகும். எஞ்சுவது சுமார் 750 வாட்-மணி. அதாவது, ஆக்சிஜன் கருவி மட்டும் ஓடினால் இரண்டு மணி நேரம். மின்விசிறியும் விளக்குகளும் சேர்ந்தால் அதற்கும் குறைவு.

பைபாப் கருவியின் நிலை வேறு. ஈரப்பதமூட்டியின் சூடேற்றும் பகுதியை நிறுத்திவிட்டால் அது மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். அதே பேட்டரியில் இரவு முழுவதும் ஓடக்கூடும். எனினும், அவ்வாறு நிறுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் மின்தகடு நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். ஆக்சிஜன் கருவி நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் அதற்கு மட்டும் ஐந்தரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். மேலும், நீண்ட மின்தடைகள் பெரும்பாலும் புயல், மழைக் காலத்தில் வருகின்றன. வெயில் இல்லாத நாள்களும் அவையே. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். எனவே, சோலாரோடு வேறொரு மின்வழியும் தேவை.

ஜெனரேட்டரை இணைக்கும்போது

ஆசிரியர் வீட்டின் இரண்டாவது தவறு, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து ஒருமுறையும் ஓட்டிப் பார்க்காதது. சிறிய ஜெனரேட்டரின் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஏறி இறங்கும். இன்வெர்ட்டரின் ஏற்பு வரம்பு குறுகியதாக அமைக்கப்பட்டிருந்தால், அம்மின்சாரத்தைத் தரமற்றது என்று கருதி அது தள்ளிவிடும். பல இன்வெர்ட்டர்களில் இந்த வரம்பை விரிவாக்க வசதி உண்டு.

அடுத்து, பேட்டரிக்கு மின்னேற்றும் அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஏறத்தாழ 800 வாட் தரும். மேற்சொன்ன பேட்டரியை 40 ஆம்பியரில் மின்னேற்றினால் அதற்கே 600 வாட்டுக்கு மேல் போய்விடும். ஆக்சிஜன் கருவியின் 350 வாட்டும் சேர்ந்தால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். 15 ஆம்பியராகக் குறைத்தால் மின்னேற்றத்துக்குச் சுமார் 250 வாட் போதும்; இரண்டும் தடையின்றி ஓடும்; பேட்டரிக்கும் அதுவே நல்லது.

மின்வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக்கூடாது. இரண்டில் ஒன்று மட்டுமே உள்ளே வரும்படி சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் பொருத்த வேண்டும். ஜெனரேட்டர் ஒயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது, வெளியே கம்பத்தில் பணிபுரிபவரின் உயிரைப் பறிக்கக்கூடும். இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள்.

புகையில் மறைந்திருக்கும் ஆபத்து

மருத்துவர்கள் என்ற முறையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது இதற்கே. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால் இவ்வேறுபாட்டை அறிய முடியாது. நோயாளி மூச்சுத் திணறும்போதும் அது இயல்பான அளவையே காட்டக்கூடும். எனவே, மழை பெய்தாலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, மூடிய ஷெட்டிலோ ஓட்டாதீர்கள். சன்னல்களிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, திறந்த வெளியில் கூரைப் பாதுகாப்புடன் வையுங்கள். அது ஓடும்போது வீட்டில் யாருக்கேனும் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் வெளியேறி 108-ஐ அழையுங்கள்.

ஈய அமில பேட்டரியையும் நோயாளி படுக்கும் அறையில் வைக்கலாகாது. மின்னேற்றத்தின்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படும்.

மின்சாரமே தேவைப்படாத கடைசி அரண்

கன்ட்ரோலர் கெடலாம், பெட்ரோல் தீரலாம். ஆக்சிஜன் சிலிண்டருக்கு மின்சாரமே வேண்டாம். ‘பி’ வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் பெறும் நோயாளிக்கு அது சுமார் 12 மணி நேரம் வரும். ஆசிரியர் வீட்டில் இல்லாதிருந்தது இது ஒன்றே. மின்தடை வந்ததும் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பிறகு பதற்றமின்றி ஜெனரேட்டரைக் கவனிக்கலாம். அச்சத்தால் ஆக்சிஜன் அளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு 88 முதல் 92 விழுக்காடு வரை பொதுவாகப் போதுமானது; அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கரியமில வாயு கூடி மயக்கம் வரும்.

மாதம் ஒருமுறை ஒத்திகை

மாதத்தில் ஒரு நாள், பகல் வேளையில், நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். பின்வருவனவற்றைப் பாருங்கள்:

1. ஆக்சிஜன் கருவி பேட்டரியில் தொடர்ந்து ஓடுகிறதா? நின்றால் எச்சரிக்கை ஒலி எழுகிறதா?
2. ஜெனரேட்டர் உடனே கிளம்புகிறதா? இன்வெர்ட்டர் அதை ஏற்று பேட்டரிக்கு மின்னேற்றுகிறதா?
3. பெட்ரோல் இருப்பு எவ்வளவு? சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது? அதைத் திறக்கும் சாவி அருகில் உள்ளதா?
4. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இவற்றைச் செய்யத் தெரியுமா?

ஆசிரியரின் வீட்டில் இப்போது சிலிண்டர் ஒன்று கட்டில் அருகே நிற்கிறது. கன்ட்ரோலரின் வரிசையும் மாற்றப்பட்டுள்ளது. அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, ஜெனரேட்டரைக் கிளப்பத் தாமும் கற்றுக்கொண்டதாக அவருடைய மனைவி எங்களிடம் தெரிவித்தார். அன்றிரவு மகன் ஊரில் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணமே தம்மைக் கற்கவைத்தது என்றார். மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் வீட்டிலும் இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஐயமிருப்பின் அடுத்த முறை வரும்போது கருவியின் பெயர், அதன் வாட் அளவு, பேட்டரியின் அளவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைச் சேர்ந்து கணக்கிடுவோம்.