இரண்டு கண்ணாடிகளும் ஏரி நீரும்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அங்கே ஏரிகளும் இருக்கின்றன, ஆலைகளும் இருக்கின்றன. மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் அங்கே உருவாகின்றன. சன்னலுக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய தட்டைக் கண்ணாடியை 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே வார்த்து வருகிறார்கள். அப்பகுதி இளைஞர் சிலர் விடுமுறை நாட்களில் காமிராவுடன் ஏரிக்கரைக்குச் செல்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது: ஒளியைக் குறைக்கும் வடிகட்டியையும், போலரைசர் எனப்படும் வடிகட்டியையும் லென்ஸின் முன் ஒன்றாகப் பூட்டலாமா? பூட்டலாம். ஆனால் ஒவ்வொன்றின் தொழிலையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, என்.டி. வடிகட்டி. இது சாம்பல் நிறக் கண்ணாடி. எல்லா வண்ண ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் இதற்கு நடுநிலை வடிகட்டி என்று பெயர். குழாயில் நீர் மெல்லியதாக விழுந்தால் குடம் நிறைய அதிக நேரம் ஆகும் அல்லவா? அவ்வாறே, ஒளி குறைந்தால் காமிராவின் கதவு அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, நீர்ப்பரப்பு பட்டுத்துணி போலப் படத்தில் விழுகிறது.

இரண்டாவது, போலரைசர். ஒளி ஓர் அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்கிறது. கம்பிச் சன்னலின் ஊடே ஒரு கயிற்றை நீட்டி ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழுமான ஆட்டம் கம்பிகளுக்கு இடையே செல்லும். பக்கவாட்டு ஆட்டம் தடைப்படும். போலரைசரும் இப்படித்தான் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிறது. நீரின்மீது சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது. வடிகட்டியைத் தக்கபடி திருப்பினால் அந்தப் பளபளப்பு மறைந்து, நீருக்கு அடியில் உள்ள பாசியும் மண்ணும் தெரியும். நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது இப்பயன் மிகுதி. ஆனால் பூச்சில்லாத உலோகத்தின் பளபளப்பு இதற்குப் பெரும்பாலும் கட்டுப்படாது.

இந்த உண்மையைக் கொண்டு பெரும் காரியம் செய்தவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த ஸர் சி. வி. ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு கூறியிருந்தார். 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிய ராமன், போலரைசரின் வேலையைச் செய்யும் நிகல் பட்டகத்தைக் கண்முன் பிடித்து, தகுந்த சாய்வில் கடலை நோக்கினார். மேற்பரப்பின் பிரதிபலிப்பு அடங்கியது. நீலமோ அடங்கவில்லை, முன்னிலும் தெளிவாயிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது புலனாயிற்று. அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சியே 1930-இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது.

இனி இரண்டையும் சேர்க்கும் கணக்கு. ஒளி பாதியாகக் குறைவதை ஒரு படி என்பர். போலரைசர் ஒன்று முதல் இரண்டு படி வரை குறைக்கும். 64 என்று எண்ணிட்ட என்.டி. ஆறு படி குறைக்கும். படிகளைக் கூட்ட வேண்டும். மடங்குகளைப் பெருக்க வேண்டும். இரண்டும் ஆறும் எட்டுப் படி; அதாவது 256 மடங்கு. வடிகட்டி இல்லாமல் 125-இல் ஒரு பங்கு விநாடி போதுமென்றால், இப்போது இரண்டு விநாடி வேண்டும். 1000 என்று எண்ணிட்ட பத்துப் படிக் கண்ணாடியானால் அரை நிமிடத்துக்கு மேலாகும். காமிராவுக்கு முக்காலி இன்றியமையாதது.

எதை முன்னே வைப்பது? சாதாரண என்.டி. கண்ணாடி அதிர்வின் திசையை மாற்றுவதில்லை. ஆகவே எதை முன்வைத்தாலும் ஒளியியலில் பெரிய வேறுபாடில்லை. கைக்கு வசதி, திருப்ப வேண்டிய போலரைசர் வெளிப்புறம் இருப்பதே. அகலக் கோண லென்ஸில் இரண்டு வளையங்கள் படத்தின் மூலைகளை மறைக்கக்கூடும். சுழற்றி இருளை மாற்றும் என்.டி. ஒன்று உண்டு; அது இரண்டு போலரைசர்களால் ஆனது. அதன்மேல் மூன்றாவதைப் பூட்டினால் ஒளி வீணாகுமேயன்றி நன்மை இல்லை.

இப்பேச்சில் மிக முக்கியமானதை இனிச் சொல்கிறேன். பெற்றோரும் ஆசிரியரும் செவி சாய்க்க வேண்டுகிறேன். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் தமிழ்நாட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. இத்தகைய நாட்களில், "இரண்டு கருப்புக் கண்ணாடிகளைச் சேர்த்தால் சூரியனையே பார்க்கலாமே" என்று சிறுவர்களுக்குத் தோன்றும். கூடவே கூடாது! ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை விடும் கண்ணாடி, சூரியனைப் பார்க்கப் போதாது. அதற்கு ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அன்றியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை இவ்வடிகட்டிகளில் பல தாராளமாக உள்ளே விடுகின்றன. இருட்டில் கண்மணி விரிந்திருக்க, அக்கதிர் விழித்திரையைச் சுட்டுவிடும். அங்கே வலியை உணர்த்தும் நரம்பு இல்லாததால், சுடுவது குழந்தைக்குத் தெரியாது. போன பார்வை திரும்பாமலே போகலாம். சூரியனுக்கென்றே செய்த கண்ணாடியைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள்.

மற்றொன்று. ஷிப்ட் மாறும் வேளையில் ஒரகடம் சந்திப்பை அரை நிமிடம் திறந்த காமிராவால் படம் பிடித்தால், ஆலைச் சுவர்கள் துல்லியமாக விழும். நடந்து செல்லும் தொழிலாளர் ஒருவரும் படத்தில் இரார். அசையாதது நிற்கும்; அசைவது அழியும். ஏரியின் நிலையை அதிகாரிகளுக்குக் காட்ட எடுக்கும் படத்திலும் இதே அபாயம் உண்டு. நீரை மெழுகிவிட்டால் மிதக்கும் நுரையும் குப்பையும் மறைந்து, கெட்ட ஏரி நல்ல ஏரியாகத் தோன்றும். அழகுக்காக எடுப்பதை அழகுக்காக எடுங்கள். சான்றுக்காக எடுக்கும்போது, ஒன்றை வடிகட்டி இல்லாமலும், ஒன்றைப் போலரைசர் மட்டும் வைத்து அடிமண் தெரியும்படியும் எடுத்து, இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள். எதை எப்படி எடுத்தீர்கள் என்பதையும் படத்தின் பின்புறம் எழுதிவிடுங்கள்.