மண்ணையும் வாசிக்கலாம்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போயிருந்தோம். மருதனார்மடம் சந்தியில் வானை நிறுத்திப் பிளேன்ரீ குடித்துவிட்டு, கிட்டவுள்ள கந்தரோடைக்குப் போனோம். பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லாலான சின்னச் சின்னக் குவிமாடங்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஒரு மாணவன் மட்டும் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர், இதையெல்லாம் ஆராயிறதும் ஒரு தொழிலா?"

தொழில்தான். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ் இந்த இடத்தை ஆராய்ந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு இங்கே அகழ்ந்தது. குழப்பப்படாத மண்ணில் கீழ்ப்படை பழையது, மேற்படை புதியது. கிடைக்கும் கரித்துண்டை ஆய்வுகூடத்தில் சோதித்துக் காலம் கணிக்கிறார்கள். புதுச்சேரியின் அரிக்கமேட்டில் கிடைத்த ரௌலட்டட் வகை ஓடுகள் கந்தரோடையிலும் கிடைத்தன. 2000 ஆண்டுகளுக்கு முந்திய கடல் வணிகத்துக்கு அந்த உடைந்த ஓடுதான் சாட்சி.

தோண்டுவது இதில் ஒரு பங்குதான், வாசிப்பது பெரும்பங்கு. 1409ஆம் ஆண்டுக்குரிய காலி மும்மொழிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. 1911இல் அதை ஒரு பொறியியலாளர் கண்டபோது, அது மதகு மூடியாகக் கிடந்தது! நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்புச் சொல்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. தமிழோடு அரபு எழுத்தும் சிங்களமும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்தத் துறை அந்நியமா என்ன?

உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் நுழைவோர் யாழ்ப்பாணம், பேராதனை, களனி ஆகியவற்றில் தொல்லியல் பயிலலாம். மேற்படிப்புக்குக் களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் தொல்லியல் நிறுவகம் கொழும்பில் உண்டு. தொல்லியல் திணைக்களம், நூதனசாலை, பல்கலைக்கழகம் என்பனதான் வேலைத்தலங்கள். பதவிகள் கொட்டிக்கிடக்கின்றன என்று ஆசைகாட்ட மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். ஆர்வக்கோளாறில் ஓடு பொறுக்கிப் பையில் போடவும் கூடாது; எடுத்த இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.

1990 ஒக்டோபரில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவன் நான். வீட்டு உறுதியைக்கூட எடுத்துவர முடியாதுபோன குடும்பங்கள் எத்தனையோ. "நாங்க அங்க இருந்தோம்" என்ற வாய்ச்சொல் ஒரு தலைமுறையோடு தேய்ந்துவிடும். மீசான் கல்லும் பழைய கிணறும் பள்ளியின் அடித்தளமும் அப்படித் தேயா. ஆனால் அவற்றைப் பதிந்து, அளந்து, வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

திரும்பும்போது அந்த மாணவன் வானில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். "சேர், பாரசீகம் எங்க படிக்கலாம்?" என்று கேட்டான்.

டொக்டர், எஞ்சினியர் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய நாம், இனி இதையும் சேர்த்துச் சொல்வோம்.