சுழியோடியின் மணிக்கட்டில் பதினாறு இழையங்கள்

கச்சான் வீசும் மாதங்களில் திரியாய்க் கடல் அடங்கிக் கிடக்கும். குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று நீளும் இந்தக் கரையில் கடலட்டைக்குச் சிலிண்டர் கட்டி இறங்குபவர்களுக்கு அதுவே தொழிற்காலம். தெற்கே, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் முருகைக்கற்களைப் பார்க்கவென்று சுழியோடப் பழகுபவர்களும் அதே மாதங்களில்தான் வருகிறார்கள். ஒருவர் பிழைப்புக்காக இறங்குகிறார், மற்றவர் ஆசைக்காக. கடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இருவருக்கும் ஆபத்து ஒன்றுதான்: சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 20 மீற்றரில் நம்மை அழுத்துவது கரையில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. சிலிண்டரிலிருந்து வரும் காற்றும் அதே அமுக்கத்தில்தான் நுரையீரலுக்குள் போகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடம்பு அதை எரிப்பதில்லை; அது இரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கரைந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஆறுதலாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டு ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தலைப்போல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் குமிழி கட்டினால் தாங்க முடியாத வலி. முள்ளந்தண்டு நரம்பில் கட்டினால் கால்கள் விளங்காமல் போகலாம், சிறுநீர் பிரியாமல் போகலாம். கடலட்டைக்குப் போன இளைஞர்கள் இப்படி முடங்கிய கதையை இலங்கையின் கரையோர ஊர்கள் நன்றாக அறியும்.

இந்த நோய்க்கு முதலில் கணக்குப் போட்டவர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன். பிரித்தானியக் கடற்படைக்காக அவரும் கூட்டாளிகளும் ஆடுகளை அமுக்க அறைக்குள் விட்டு ஆராய்ந்தார்கள். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த ஆய்வின் முடிவுகள் 1908இல் வெளியாயின. உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் நைதரசனை உறிஞ்சுவதில்லை என்பதை ஹால்டேன் கணக்கில் எடுத்தார். உடம்பை ஐந்து கற்பனை இழையங்களாகப் பிரித்து 5, 10, 20, 40, 75 நிமிடம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அரைக்காலம் கொடுத்தார். நிரம்ப வேண்டியதில் பாதி நிரம்புவதற்கு எடுக்கும் நேரமே அரைக்காலம்.

ஒரு சுழியோடி 20 மீற்றரில் 10 நிமிடம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையில் அவர் உடம்பில் நைதரசனின் அமுக்கம் 0.8 வளிமண்டலம், 20 மீற்றரில் அது ஏறவேண்டிய எல்லை 2.4. ஐந்து நிமிட இழையம் முதல் 5 நிமிடத்தில் 1.6ஐத் தொடும், அடுத்த 5 நிமிடத்தில் 2.0ஐ. எழுபத்தைந்து நிமிட இழையமோ அந்த 10 நிமிடத்தில் 0.94ஐத்தான் எட்டும். வேகமான இழையம் விரைவாக நிரம்பி விரைவாகவே வடியும். மெதுவான இழையம் ஒரு சுழியோடலில் அதிகம் நிரம்பாது; ஆனால் நாளுக்கு மூன்று, நான்கு முறை இறங்குபவரின் உடம்பில் அது வடிந்து முடிப்பதற்குள் மேலும் மேலும் சேரும். காலையில் ஒன்றும் செய்யாத அதே ஆழம் மாலையில் ஆளை விழுத்துவதற்கு இதுவே காரணம்.

1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையடிக் கடலில் கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டபோது இந்தக் கணக்கைப் போட மின்னணுக் கருவி எதுவும் இருக்கவில்லை. அச்சிட்ட அட்டவணையும் மணிக்கூடுமே அந்தக் காலத்துச் சுழியோடிகளுக்குத் துணை. அட்டவணைக்கு ஒரு குறை உண்டு: போன அதிக ஆழத்திலேயே முழு நேரமும் நின்றதாக அது எண்ணிக்கொள்ளும். 1983இல் விற்பனைக்கு வந்த டைவ் கொம்பியூட்டர்கள் அதை மாற்றின. நீரின் அமுக்கத்தைச் சில செக்கனுக்கு ஒருமுறை அளந்து, ஒவ்வொரு கற்பனை இழையத்திலும் எவ்வளவு நைதரசன் இருக்கும் என்று அவை கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். சூரிச்சில் அல்பேர்ட் பூல்மான் வகுத்த கணிப்பை இன்று பல கருவிகள் பின்பற்றுகின்றன. அதில் இழையங்கள் 16. அரைக்காலங்கள் 4 நிமிடத்திலிருந்து 635 நிமிடம் வரை.

வியப்பும் எச்சரிக்கையும் இந்த இடத்தில்தான். இந்தக் கருவி நம் உடம்பை அளப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தவை ஆழமும் நேரமும் மட்டுமே. நாம் தண்ணீர் குடிக்கவில்லை, இரவு தூங்கவில்லை, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துவிட்டோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரை 2 நிமிடம் மிச்சம் என்று காட்டினால் அந்த 2 நிமிடத்தையும் தீர்த்துவிட்டுத்தான் ஏறவேண்டும் என்பதில்லை.

அப்படியானால் முதற்கருவியை எப்படித் தேர்வது? முதலில் திரை. கலங்கிய நீரிலும் இருட்டிலும் ஒரே பார்வையில் மூன்று எண்கள் தெரியவேண்டும்: இப்போதைய ஆழம், கடந்த நேரம், இந்த ஆழத்தில் இன்னும் நிற்கக்கூடிய நேரம். எண்கள் பெரிதாக இருக்கட்டும், ஒளியூட்டும் வசதி இருக்கட்டும். கடையிலேயே கையில் கட்டி, பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். விளக்கப் புத்தகம் இல்லாமல் பட்டியலுக்குள் போய்வர முடியாத கருவி கடலடியில் உதவாது.

அடுத்து, ஏறும் வேகத்துக்கான எச்சரிக்கை. நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றரைத் தாண்டி ஏறினால் ஒலியாலோ அதிர்வாலோ கருவி தடுக்கவேண்டும். 5 மீற்றரில் 3 நிமிடம் தரிப்பதை அதுவே எண்ணிக்காட்டினால் நல்லது. கணிப்பை இன்னும் இறுக்கமாக்கும் வசதியும் வேண்டும். வயது, உடல்நிலை, களைப்பு ஆகியவற்றுக்கு நாம் விடும் இடைவெளி அதுதான். ஒட்சிசன் கூடிய நைட்ரொக்ஸ் கலவைக்கும் பொருந்தும் கருவியாக இருந்தால் அடுத்த பயிற்சிக்கும் அதுவே போதும். ஹீலியம் கலந்த வாயுக் கணிப்பு, சிலிண்டரோடு கம்பியில்லாமல் பேசும் கருவி போன்றவை விலையை ஏற்றும். 18 மீற்றரே எல்லையாக உள்ள புதியவருக்கு அவை தேவையில்லை.

பற்றரியையும் பாருங்கள். பழுதுபார்க்கக் கொழும்புக்கு அனுப்பவேண்டிய கருவியைவிட, நகரத்துக் கடையில் வாங்கி நாமே மாற்றக்கூடிய பற்றரி உள்ள கருவி திரியாய் போன்ற ஊருக்குப் பொருந்தும்.

கரையேறிய பின்னும் கருவியைக் கேளுங்கள். ஒரே நாளில் பலமுறை இறங்கியவர் விமானம் ஏற 18 மணிநேரமாவது பொறுக்கவேண்டும் என்பது சுழியோடல் மருத்துவத்தின் பொது விதி. நம் நாட்டில் அதற்கு விமானமே வேண்டியதில்லை. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். காலையில் புறாத்தீவில் மூழ்கிவிட்டு அன்றே மலைநாட்டுக்கு வான் பிடிப்பதும் அதே ஆபத்துத்தான்.

மூட்டுவலியோ, காலில் மரமரப்போ, தலைச்சுற்றோ வந்தால் கருவி என்ன காட்டினாலும் அதை நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளைப் படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் கொடுத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குணமாக்குவது அமுக்க அறைச் சிகிச்சை. வலி தணியட்டும் என்று மறுபடியும் கடலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது.

ஒரு கருவி ஒரு கைக்குத்தான். காலையில் அண்ணன் கட்டியதை மாலையில் தம்பி கட்டினால், அண்ணனின் நைதரசனை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போடும் அது. ஆகவே படகும் சிலிண்டரும் கொடுத்துக் கடலட்டைக்கு ஆள் இறக்கும் சம்மாட்டிமாரிடம் ஒரு வேண்டுகோள்: சிலிண்டர் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு டைவ் கொம்பியூட்டரையும், அதை வாசிக்கும் பயிற்சியையும் கொடுங்கள். ஒரு இளைஞன் எழுந்து நடப்பதைவிட எந்தக் கருவியின் விலையும் பெரிதல்ல.